கல்யாண நாளுக்கு ராக்கி மலை ரோடு ட்ரிப்: 10 நாள்ல எத்தனை நேஷனல் பார்க் பாக்க முடியும்?

டல்லாஸ்காரன்:

வணக்கம் மக்களே. ஜூலை ரெண்டாவது வாரம் நானும் வைஃபும் ஒரு ரோடு ட்ரிப் போலாம்னு இருக்கோம், அஞ்சாவது கல்யாண நாள் வருது, ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல பத்து நாள் லீவு கெடச்சது இதான் மொத தடவை. டென்வர் வரைக்கும் ஃப்ளைட், அங்க கார் ரென்ட் எடுத்து திரும்ப டென்வர்லயே விட்டுட்டு வர்றதா ப்ளான். நான் போட்டு வச்சிருக்க ரூட்டு டென்வர்ல ஆரம்பிச்சு ராக்கி மவுன்டன், க்ராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், க்ளேசியர், அப்புறம் பேட்லேண்ட்ஸ், மவுன்ட் ரஷ்மோர் பாத்துட்டு திரும்ப டென்வர். மேப்ல போட்டா 2,300 மைலுக்கு மேல காட்டுது, நாளுக்கு 230 மைல்தானேன்னு எனக்கு தோணுது, ஆனா ஆபீஸ்ல ஒரு அண்ணன் ப்ளான பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம தலைய ஆட்டிட்டு போயிட்டாரு, அதுல இருந்து ஒரு மாதிரியா இருக்கு.

ரெண்டு விஷயம் முக்கியம். வைஃபுக்கு கரடிய காட்டுல பாக்கணும், ஜூவுல இல்ல, சின்ன வயசுல இருந்து ஆசையாம். அதே நேரம் மலை ரோட்டுல பள்ளத்த பாத்தா அவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், கண்ண மூடிக்கிட்டு கைப்பிடிய இறுக்கி புடிச்சுக்குவா. அவளுக்கு லைசென்ஸ் இருக்கு, ஹைவேல நல்லாவே ஓட்டுவா, மலைல ஓட்டுனதில்ல. நாங்க ரெண்டு பேரும் வெஜிடேரியன். இந்த ரூட் சரிதானா, எதயாவது விடணுமா, போய்ட்டு வந்தவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

----

பனிமலைப்பயணி:

வாழ்த்துகள் ப்ரோ. நான் எட்டு வருஷமா கொலராடோல இருக்கேன், இந்தப் பக்கம் மூணு தடவை போய்ட்டு வந்திருக்கேன், அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன், க்ளேசியர், பேட்லேண்ட்ஸ், ரஷ்மோர் மூணையும் இந்த ட்ரிப்ல இருந்து எடுத்துடுங்க. மூணு பார்க்கே பத்து நாளுக்கு தாராளம்.

நாளுக்கு 230 மைல்ங்கற கணக்கு பேப்பர்ல சரிதான், ஆனா மைல் எல்லாம் ஒரே மாதிரி மைல் இல்ல. யெல்லோஸ்டோன் உள்ள ஸ்பீடு லிமிட்டே 45, உள்ள எட்டு மாதிரி சுத்தி வர்ற க்ராண்ட் லூப் ரோடு மட்டும் 142 மைல், அதுல நடு ரோட்டுல ஒரு காட்டெருமை கூட்டம் நின்னுடுச்சுன்னா முக்கால் மணி நேரம் காருக்குள்ளதான் உக்காந்திருக்கணும், ஹாரன் அடிக்கவும் கூடாது. அங்கிருந்து க்ளேசியர் போக ஒரு முழு நாள், க்ளேசியர்ல இருந்து பேட்லேண்ட்ஸ் 700 மைலுக்கு மேல, அது ரெண்டு நாள். நீங்க கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டு ஓடுற மாதிரி ஓடி கடைசில பெட்ரோல் பங்கும் மோட்டலும்தான் ஞாபகத்துல நிக்கும். நானும் என் மனைவியும் மொத தடவை அப்படித்தான் போனோம், க்ளேசியர் பக்கம் ராத்திரி ஒம்பது மணிக்கு போய் சேந்து மறுநாள் மத்தியானம் கெளம்பிட்டோம், திரும்பி வர்ற வழில அவ ஒரு வார்த்தை பேசல, அன்னிக்கு வந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

என் ரூட்ட சொல்றேன். மொத நாள் டென்வர்ல எறங்கி எஸ்டஸ் பார்க்ங்கற டவுனுக்கு போயி சும்மா இருங்க. டென்வரே 5,280 அடி, எஸ்டஸ் பார்க் 7,500 அடிக்கு மேல, டல்லாஸ்ல இருந்து நேரா வர்ற உடம்புக்கு அது பெரிய மாத்தம், மொத ராத்திரி தலைவலி வந்தா பயப்படாதீங்க, நெறைய தண்ணி குடிங்க, மாடி ஏறுனாலே மூச்சு வாங்கும், ரெண்டு நாள்ல பழகிடும். தலைவலியோட வாந்தி வந்து நிக்கவே இல்லன்னா மட்டும் கீழ எறங்கிடணும், மருந்து அதுதான். ரெண்டாவது நாள் விடியக்காலைல பேர் லேக்ங்கற ஏரிக்கு போங்க. மூணாவது நாள் ட்ரெயில் ரிட்ஜ் ரோடு, எஸ்டஸ் பார்க்ல இருந்து க்ராண்ட் லேக் வரைக்கும் 48 மைல், உச்சில 12,183 அடி, மரமே இல்லாத எடம், புல்லும் கல்லும் காத்தும்தான், ஜூலைலயும் ரோட்டோரம் பனி இருக்கும். மத்தியானத்துக்கு மேல கோடைல கிட்டத்தட்ட தினமும் இடி மின்னல் வர்ற எடம் அது, மேல நின்னா நீங்கதான் அங்க உசரமான பொருள், அதனால பன்னெண்டு மணிக்குள்ள எறங்கிடுங்க. எறங்கும்போது ப்ரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க, லோ கியர்ல போட்டு எஞ்சின் புடிச்சு எறக்கட்டும், ப்ரேக்க அப்பப்ப தொட்டா போதும்.

ஒண்ணு கண்டிப்பா கவனிங்க. ராக்கி மவுன்டனுக்கு கோடைல டைம்டு என்ட்ரின்னு நேரம் போட்டு ரிசர்வேஷன் வச்சிருக்காங்க, ரெக்ரியேஷன் டாட் கவ் சைட்ல மாசம் மாசம் திறப்பாங்க, ஜூலைக்கு ஜூன் மொத தேதி காலைல திறந்ததும் நல்ல ஸ்லாட் எல்லாம் சட்டுனு போயிடும். பேர் லேக் ரோட்டுக்கு தனி பெர்மிட், அத பாத்து வாங்குங்க. பாஸ் வருஷாந்திர பாஸா எடுத்துடுங்க, இங்க இருக்கறவங்களுக்கு 80 டாலர், யெல்லோஸ்டோன், டீட்டன் ஒவ்வொண்ணுக்கும் காருக்கு 35 தனித்தனியா குடுக்கறதுக்கு மூணு பார்க்குலயே லாபம் வந்துடும், அடுத்த வருஷம் பாதி வரைக்கும் செல்லும்.

அப்புறம் வயோமிங்க தாண்டணும், 7-8 மணி நேர ட்ரைவ், ஒரே நாள்ல போகாம நடுவுல லேண்டர் டவுன்ல தங்கிக்கோங்க. நாலாவது நாள் காலைல டுபாய்ஸ் வழியா டோக்வோட்டி பாஸ்ங்கற கணவாய் ஏறி எறங்குவீங்க, அந்த எறக்கத்துல ஒரு வளைவு தாண்டுனதும் டீட்டன் மலை வரிசை மொத்தமா எதிர்ல நிக்கும், முன்னாடி குட்டி மலையெல்லாம் இல்லாம சமவெளில இருந்து நேரா செவுரு மாதிரி எழுந்து நிக்கற மலை அது. அந்த எடத்துல கார ஓரங்கட்டி எறங்குங்க. எத்தனையோ போட்டோ பாத்திருப்பீங்க, அது வேற இது வேற. டீட்டன்ல ரெண்டு ராத்திரி, யெல்லோஸ்டோன்ல நாலு ராத்திரி, கடைசி நாள் கிழக்கு வாசல் வழியா கோடி டவுனுக்கு எறங்கி டென்வர், அது எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், விடியக்காலைல கெளம்பிடுங்க.

கார் எடுக்கும்போது டயர குனிஞ்சு பாருங்க ப்ரோ. எங்களுக்கு ஒரு கம்பெனி குடுத்த வண்டில முன் டயர் ரெண்டும் தேஞ்சு போயிருந்தது, ராத்திரில இருட்டுல வாங்கினதால கவனிக்கல, வயோமிங் நடுவுல பஞ்சர் ஆகி சிக்னல் இல்லாம ரெண்டு மணி நேரம் நின்னோம், ஸ்டெப்னியும் இல்ல, வெறும் காத்தடிக்கற கிட்டுதான் வச்சிருந்தாங்க. டிக்கிய திறந்து ஸ்டெப்னி இருக்கான்னு பாத்துட்டுதான் சாவிய வாங்கணும்.

----

காட்டுக்குருவி:

கரடி பாக்கணும்னு சொன்ன அந்த தங்கச்சிக்காகத்தான் இத டைப் பண்றேன். நான் வருஷா வருஷம் யெல்லோஸ்டோன் போறவ, மிருகம் பாக்கறதுக்குன்னே போறேன், கெய்சர் (வெந்நீர பீச்சி அடிக்கற ஊத்து) எல்லாம் வழில வந்தா பாப்பேன்.

கரடிக்கு ரெண்டு எடம், ஹேடன் வேலி, லாமர் வேலி. லாமர் வடகிழக்கு மூலைல இருக்கு, டவர்ல இருந்து குக் சிட்டி போற ரோட்டுல. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் கெய்சர் பக்கம் தங்கிட்டு லாமர் போலாம்னு நெனச்சா ஒரு வழிக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், விடியறதுக்குள்ள போய் சேர முடியாது. அதனால நாலு ராத்திரிய ரெண்டா பிரிங்க, ரெண்டு ராத்திரி ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இல்ல வெஸ்ட் யெல்லோஸ்டோன் பக்கம், ரெண்டு ராத்திரி கார்டினர் இல்ல குக் சிட்டி பக்கம். பார்க் உள்ள இருக்க லாட்ஜெல்லாம் ஒரு வருஷம் முன்னாடியே புக் ஆகிடும், ஆனா கேன்சல் ஆயிட்டேதான் இருக்கும், தினமும் காலைல ஒரு தடவை ராத்திரி ஒரு தடவை சைட்ட திறந்து பாருங்க, எனக்கு ரெண்டு தடவை அப்படித்தான் கெடச்சுது.

நாலரை மணிக்கு எழுந்திரிக்கணும், இதுல மட்டும் சோம்பல் படக்கூடாது. வெளிச்சம் வரும்போது லாமர்ல இருக்கணும். ரோட்டோரம் பத்து பதினஞ்சு பேரு ட்ரைபாட்ல ஸ்கோப் மாட்டி அசையாம நிப்பாங்க பாருங்க, அவங்க பக்கத்துல கார நிறுத்தி மெதுவா எறங்கி கதவ சத்தம் வராம சாத்திட்டு என்ன தெரியுதுன்னு கேளுங்க. பல வருஷமா ஓநாய பாக்க வர்றவங்க அவங்க, கேட்டா அவங்களே கூப்பிட்டு ஸ்கோப்ல காட்டுவாங்க, ஒருத்தரும் முகம் சுளிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. அந்த ஊருல ஓநாயே இல்லாம ஆக்கிட்டாங்க ஒரு காலத்துல, 1926-ல கடைசியா இருந்ததயும் கொன்னுட்டாங்க, 1995-ல கனடால இருந்து 14 ஓநாய கொண்டு வந்து இதே பக்கம்தான் விட்டாங்க. இப்ப நாம காலைல நின்னு கேக்கற ஊளை அதோட பேரப்புள்ளைங்க போடறது. எனக்கு அத நெனச்சாலே புல்லரிக்கும்.

பைனாகுலர் இல்லாம போகாதீங்க, 8x42 இல்ல 10x42, வெல கம்மியா இருந்தாலும் பரவால்ல. ஆளுக்கு ஒண்ணு இருக்கணும். ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு குடு குடுன்னு புடுங்கிக்கிட்டா அந்த நேரத்துல கரடி காட்டுக்குள்ள போயிடும்.

இப்ப கறாரா சொல்ல வேண்டியது. கரடி, ஓநாய், கூகர்ங்கற மலைச்சிங்கம் மூணுக்கும் 100 கஜம் தள்ளி நிக்கணும், மத்த எல்லா மிருகத்துக்கும் 25 கஜம், இது சட்டம். கரடிய விட காட்டெருமைதான் நெறைய பேர முட்டுது, ஏன்னா அது பாக்க நம்மூர் மாடு மாதிரி சாதுவா புல்லு தின்னுக்கிட்டு இருக்கும், கிட்ட போயிடறாங்க. அது மணிக்கு 35 மைல் வேகத்துல ஓடும், நம்மளால அத முந்தி ஓடவே முடியாது. வால் மேல தூக்கி கொடி மாதிரி நின்னுச்சுன்னா அது கோவத்துல இருக்குன்னு அர்த்தம், அப்படியே பின்னாடி நகந்துடணும். ஜூலை கடைசில கடாக்களுக்கு மதம் புடிக்கற காலம் ஆரம்பிக்கும், நீங்க போற நேரமே தரைல பொரண்டு புழுதிய கெளப்பறத பாப்பீங்க, அந்த உறுமல் சத்தம் சிங்கம் மாதிரி இருக்கும்.

நடக்கப் போனா பேர் ஸ்ப்ரே (கரடிய விரட்டற காரமான ஸ்ப்ரே) ஆளுக்கு ஒண்ணு, பைக்குள்ள இல்ல, இடுப்புல. ஃப்ளைட்ல கொண்டு போக விடமாட்டாங்க, அங்க போய் வாங்குங்க. பேசிக்கிட்டே நடங்க, ரெண்டு பேரும் கல்யாணத்துல நடந்த கதையெல்லாம் சத்தமா பேசுங்க, கரடி நீங்க வர்றத தூரத்துலயே கேட்டுட்டு ஒதுங்கிடும்.

----

டல்லாஸ்காரன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, வைஃப் கிட்ட அப்படியே படிச்சு காட்டினேன். க்ளேசியர விடறதுக்கு எனக்குத்தான் மனசு வரல, அதுக்குள்ள போற கோயிங் டு த சன் ரோடுங்கற மலை ரோட்டோட போட்டோ பாத்துதான் இந்த ட்ரிப்பே ஆரம்பிச்சது. பேட்லேண்ட்ஸ விட்டுட்டு க்ளேசியர் மட்டும் ரெண்டு நாள் சேத்தா ஆகாதா? அப்புறம் ட்ரெயில் ரிட்ஜ்ல இவளுக்கு பயம் வருமா, ஓரத்துல தடுப்பு இருக்கா?

----

சியாட்டில்_அக்கா:

தம்பி, க்ளேசியர் என் உசுரு, அதனாலதான் சொல்றேன், ரெண்டு நாள்ல பாக்காத. ஒரு விஷயம் யாரும் சொல்லல இங்க. கோயிங் டு த சன் ரோடு முழுசா எப்ப திறக்கும்னு யாராலயும் தேதி சொல்ல முடியாது, மேல லோகன் பாஸ் கணவாய் பக்கம் மலைச்சரிவுல வந்து குவிஞ்ச பனிய மெஷின் வச்சு வெட்டி எடுக்கணும், சாதாரணமா ஜூன் கடைசில இருந்து ஜூலை நடு வரைக்கும் எப்ப வேணா திறப்பாங்க. 2022-ல ஜூலை 13-ம் தேதிதான் திறந்தாங்க, 2011-லயும் அதே ஜூலை 13. உன் லீவு சரியா அந்த வாரம். அத்தன மைலு ஓட்டிட்டு போய் அவலாஞ்ச்ங்கற எடத்துகிட்ட கேட்டு பூட்டி கெடந்தா எப்படி இருக்கும்? ஆகஸ்ட்ல ஒரு தடவை, இல்ல செப்டம்பர் மொத வாரத்துல, நேரா கலிஸ்பெல் ஏர்போர்ட்டுக்கு ஃப்ளைட்ல வந்து நாலஞ்சு நாள் அதுக்குன்னே வை. ஆகஸ்ட்னா காட்டுத்தீ புகை வர்ற வருஷமும் உண்டு, மலையே தெரியாது, அதனால எனக்கு செப்டம்பர் மொத வாரம்தான் இஷ்டம், கூட்டமும் கொறயும். 1850 வாக்குல அங்க 150 பனியாறு இருந்ததா சொல்றாங்க, இப்ப 25 சொச்சம்தான். நான் க்ரின்னல் பனியாறு வரைக்கும் நடந்து போயி அந்த பச்சை கலந்த நீலத் தண்ணில பனிக்கட்டி மெதக்கறத பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், எழுந்து வரவே மனசில்ல, இன்னும் கொஞ்ச வருஷத்துல இது இருக்குமான்னு நெனைக்கும்போது தொண்டை அடைச்சுது.

இப்ப பயம் விஷயம். எனக்கும் அந்த பயம் உண்டு, நல்லா உண்டு, உள்ளங்கை வேர்த்து கால் கட்ட வெரல் எல்லாம் சுருட்டிக்கும். ட்ரெயில் ரிட்ஜ்ல பாதி எடத்துல தடுப்பே கெடயாது, சும்மா சொல்லி உன்ன ஏமாத்த விரும்பல. ஆனா ரோடு அகலம், ரெண்டு லேன் நல்லாவே இருக்கு, நம்ம கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசியா சுத்திக்கிட்டே போகாது. பயப்படறவங்களுக்கு நான் கண்டுபுடிச்ச வழி என்னன்னா, அவங்களையே ஓட்ட விடறது. கேக்க கோளாறா தெரியும், ஆனா பக்கத்து சீட்ல உக்காந்தா கண்ணு பள்ளத்துக்கே போகும், கைல ஒரு பிடியும் இருக்காது, ஸ்டியரிங் கைல இருந்தா கண்ணு ரோட்டுல இருக்கும், மனசு வேலைல இருக்கும். எங்க வீட்டுக்காரர் மொத தடவை சாவிய நீட்டுனப்ப நான் சண்டைக்கு போயிட்டேன், அஞ்சு மைல் ஓட்டுனதுக்கு அப்புறம் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. கட்டாயப்படுத்தாத, கேட்டு பாரு. மெதுவா போறோமேன்னு கூச்சப்பட வேணாம், பின்னாடி வண்டி சேந்தா புல்லவுட்ல (ரோட்டோரம் ஒதுங்கற எடம்) ஒதுங்கி விட்டுட்டா ஆச்சு. அவ கண்ண மூடிக்கிட்டா "இதுக்கெல்லாமா பயப்படுவ"ன்னு மட்டும் சொல்லிடாதப்பா, அந்த ஒரு வார்த்த ட்ரிப் பூரா கூடவே வரும்.

பின்னாடி க்ளேசியர் வரும்போது இத ஞாபகம் வச்சுக்கோ. மேற்கு பக்கத்துல இருந்து ஏறுனா நம்ம லேன் பள்ளத்து பக்கம், கிழக்க இருக்க செயின்ட் மேரி பக்கத்துல ஆரம்பிச்சு லோகன் பாஸ் தாண்டி மேற்க எறங்குனா அந்த செங்குத்து ஏரியால நம்ம லேன் மலை செவுத்த ஒட்டியே போகும். இல்லன்னா ரெட் பஸ்ல போயிடலாம், 1930-கள்ல செஞ்ச செவப்பு பஸ்ஸு, மேல கேன்வாஸ சுருட்டி விட்டுருவாங்க, ஓட்டறவங்களே கதையும் சொல்வாங்க, உன் பொண்டாட்டியோட நீயும் மலைய பாக்கலாம்.

----

வெண்பொங்கல்:

எல்லாரும் எல்லாம் சொல்லிட்டீங்க, சாப்பாடு பத்தி ஒருத்தரும் சொல்லல, அதான் வந்தேன். வெஜிடேரியனுக்கு பார்க் உள்ள சாலட், வெஜ் பர்கர், ஃப்ரைஸ் கெடைக்கும், மூணு நாளைக்கு மேல நாக்கு தாங்காது. நாங்க டென்வர்லயே ஒரு சின்ன கேம்ப் ஸ்டவ்வும் கேஸ் கேனும் வாங்கிட்டோம், கேஸ ஃப்ளைட்ல கொண்டு போக முடியாது. பிக்னிக் ஏரியால நிறுத்தி சமைப்போம். நெறைய லாட்ஜ்ல ரூமுக்குள்ள சமைக்க விடறதில்ல, அத புக் பண்ணும்போதே பாத்துக்கோங்க.

முக்கியமானது என்னன்னா அங்க சாதம் லேசுல வேகாது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கம் 7,300 அடிக்கு மேல, தண்ணி 93 டிகிரிலயே கொதிச்சுடும், அதுக்கு மேல சூடு ஏறாது, வழக்கமா வைக்கற நேரத்துக்கு கொதிச்சா அரிசி நடுவுல வெள்ளை புள்ளியா கடுக்கு கடுக்குன்னே இருக்கும். மொத நாள் நாங்க முக்கால் மணி நேரம் கெளறிட்டே இருந்தோம், பருப்பு அதுக்கும் மேல, கல்லு மாதிரி. சின்ன மூணு லிட்டர் ப்ரெஷர் குக்கர் ஒண்ண பெட்டில போட்டுட்டு போங்க, நாலு விசில் கூட விட்டா எல்லாம் சரியாயிடும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகா வீட்லருந்து எடுத்துக்கோங்க. ஆனா சாப்ட்டு முடிச்சதும் ஒரு பருக்கை விடாம பொறுக்கி, ஸ்டவ், பாத்திரம், குப்பை எல்லாத்தயும் காருக்குள்ள வச்சு கண்ணாடிய ஏத்தி பூட்டணும், டேபிள் மேல ரெண்டு நிமிஷம்கூட விட்டுட்டு போகக்கூடாது. மனுஷன் சாப்பாட்டு ருசி பழகுன கரடிய கடைசில சுட்டுக் கொல்ல வேண்டி வருது, நம்ம புளிசாதத்தால ஒரு கரடி சாகக்கூடாது.

இன்னொண்ணு, வெந்நீர் ஊத்துப் பக்கம் பலகை பாதைய விட்டு ஒரு காலடிகூட வெளிய வைக்காதீங்க. மேல பாக்க காஞ்ச மண்ணு மாதிரி வெள்ளையா இருக்கும், அடில கொதிக்கற தண்ணி, மேல்தோலு அப்பளம் மாதிரி. கரடியால செத்தவங்கள விட அந்த தண்ணில வெந்து செத்தவங்கதான் யெல்லோஸ்டோன்ல அதிகம், 20 பேருக்கு மேல. க்ராண்ட் ப்ரிஸ்மாட்டிக் ஊத்த காலங்காத்தால பாக்க போகாதீங்க, குளிருக்கு ஆவி மூடிக்கிட்டு கலரே தெரியாது, வெயில் ஏறுனதும் பத்தரை பதினோரு மணிக்கு மேல ஃபேரி ஃபால்ஸ் பார்க்கிங்ல நிறுத்தி 0.6 மைல் நடந்து மேட்டுல இருந்து பாருங்க, 300 அடி வாக்குல அகலத்துக்கு நடுவுல நீலம், சுத்தி பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. அந்த ஆரஞ்சு எல்லாம் சூட்டுல வாழற நுண்ணுயிர், தண்ணி வெளிய ஓரமா வர வர சூடு கொறயும், அதுக்கேத்த மாதிரி வேற வேற உயிர், வேற வேற கலர்.

----

பனிமலைப்பயணி:

வெண்பொங்கல் சொன்ன குக்கர் பாயின்ட் நூத்துக்கு நூறு. நான் ஒண்ணே ஒண்ணு சேக்கறேன், ஓல்ட் ஃபெய்த்ஃபுல்ல இருந்து வெஸ்ட் தம்ப் போற வழில க்ரெய்க் பாஸ்ல ஐசா லேக்குன்னு ஒரு குட்டைல நிறுத்துங்க, 8,262 அடில, முழுக்க அல்லி இலை மெதக்கற சின்ன குட்டை, பாதி பேரு திரும்பிக்கூட பாக்காம போயிடுவாங்க. அந்த ஒரு குட்டைத் தண்ணி ரெண்டு பக்கமும் வடியுது, ஒரு பக்கம் போறது பசிஃபிக் சமுத்திரத்துக்கு, இன்னொரு பக்கம் போறது மிசௌரி, மிசிசிப்பி வழியா மெக்சிகோ வளைகுடாவுக்கு. அதுலயும் கெழக்க வடியறதுதான் சுத்திக்கிட்டு மேற்கு சமுத்திரத்துக்கு போகுது. கல்யாண நாள் அன்னிக்கு அங்க ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ஆஃப்லைன் மேப், பார்க் சர்வீஸ் ஆப் ரெண்டயும் டென்வர்லயே டவுன்லோடு பண்ணிடுங்க, உள்ள போனதும் சிக்னல் போயிடும். ராத்திரி ஜூலைலயும் அஞ்சு டிகிரிக்கு போகும், ஜாக்கெட் வேணும். டேங்க் பாதிக்கு கீழ போக விடாதீங்க, ராக்கி மவுன்டன் பார்க் உள்ள பங்கே கெடயாது.

----

டல்லாஸ்காரன்:

போய்ட்டு வந்து நாலு நாள் ஆச்சு, உங்க எல்லாருக்கும் சொல்லலன்னா மனசு ஆறாது.

மூணு பார்க் மட்டும்தான். ட்ரெயில் ரிட்ஜ் அடிவாரத்துல சாவிய நீட்டி வேணும்னா நீ ஓட்டிப் பாருன்னு சொன்னேன் அக்கா, ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு வாங்கிக்கிட்டா. மொத பத்து நிமிஷம் ஸ்டியரிங்க புடிச்ச கை வெளுத்து போயிருந்துச்சு, நான் ஒரு வார்த்தை பேசல, அப்புறம் மேல போய் நிறுத்துனப்ப எறங்கி காத்துல நின்னுக்கிட்டு அழுதா, நானும்தான். பயந்து அழல, அத்தன தூரம் மலை மலையா தெரிஞ்சுது, அதுக்கு.

கரடி மொத நாள் ஹேடன்ல கெடைக்கல, ரெண்டாவது நாளும் இல்ல. கடைசி நாள் லாமர்ல, அஞ்சரை மணி இருக்கும், ஸ்கோப் வச்சிருந்த ஒரு வயசான அம்மா எங்க ரெண்டு பேரோட நடுக்கத்த பாத்துட்டு இவளுக்கு அவங்க கம்பளிய போத்தி விட்டு வா வந்து பாருன்னு கூப்பிட்டாங்க. ஒரு க்ரிஸ்லி கரடியும் ரெண்டு குட்டியும். தூரத்துல, ஆத்துக்கு அந்தப் பக்கம் சரிவுல, அம்மா கரடி மண்ண தோண்டிக்கிட்டு இருந்துச்சு, ஒரு குட்டி அதே மாதிரி தோண்டிப் பாக்குது, இன்னொண்ணு அம்மா முதுகுல ஏறி வழுக்கி விழுந்து திரும்ப ஏறுது. இவ ஸ்கோப்ல இருந்து கண்ண எடுக்கவே இல்ல, எனக்கு குடுக்கணும்னு கூட தோணல, நான் பைனாகுலர்ல புள்ளியா பாத்துக்கிட்டே இவ மூச்சு விடற சத்தத்ததான் கேட்டுட்டு இருந்தேன். காட்டுக்குருவி அக்கா, ஆளுக்கு ஒரு பைனாகுலர்னு நீங்க சொன்னது எவ்ளோ பெரிய விஷயம்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

சாதம் குக்கர்ல பூ மாதிரி வந்துச்சு. டயர குனிஞ்சு பாத்தேன், ஸ்டெப்னியும் இருந்துச்சு.

அக்கா, அடுத்த செப்டம்பர் மொத வாரம் க்ளேசியருக்கு இவளே லீவு போட்டுட்டா. செயின்ட் மேரி பக்கம் தங்கறதா, இல்ல மெனி க்ளேசியர் பக்கமா? க்ரின்னல் நடக்கறதுக்கு எது தோது?

----

சியாட்டில்_அக்கா:

மெனி க்ளேசியர் பக்கம் தங்குப்பா, க்ரின்னலுக்கு அங்கிருந்துதான் நடக்கணும், செயின்ட் மேரில தங்குனா காலைல பார்க்கிங் தேடியே நேரம் போயிடும். ஏரில போட் விடுவாங்க, அதுல போனா போக வர மூணு மைலுக்கு மேல நடை மிச்சம், ஆனா சீசன் முடியற தேதிய பாத்துட்டு டிக்கெட் போடு. அவளுக்கு என் சார்பா ஒரு சபாஷ் சொல்லு.